கடலோர ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு: நூலகம், அருங்காட்சியகம், தெருச்சிற்பம்

கடலோர ஊருக்குக் குடிவருகிறவர்கள் முதல் மாதம் முழுக்கக் கடலைப் பார்க்கிறார்கள். இரண்டாம் மாதம் கடல் பழகிவிடுகிறது. மூன்றாம் மாதம் மாலை நேரத்தில் ஒரு கேள்வி வந்து உட்காரும்: இந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? வேலைக்காக வந்தவர், மணமாகி வந்தவர், படிக்க வந்தவர், ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்தவர் என யாருக்கும் இது வரும். கடலோர ஊர்களில் கொஞ்சம் கூடுதலாகவே வரும். விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர்களையே பார்த்துப் பழகிய ஊர், உங்களையும் முதலில் அந்தக் கணக்கில்தான் சேர்க்கும்.

அந்தக் கணக்கிலிருந்து பெயரை எடுக்க நான் கண்ட நல்ல வழி நூலகம், அருங்காட்சியகம், தெருவிலும் கரையிலும் நிற்கும் கலைப்பொருள்கள் ஆகிய மூன்றும்தான். இதே வரிசையில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் தலைகீழாகப் போகிறார்கள். முதல் நாளே கடற்கரைச் சிலை முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மழை பெய்த ஒரு நாளில் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்குகிறார்கள். நூலகத்துக்குப் போகாமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. நூலகத்தில் தொடங்கினால் மற்ற இரண்டும் தாமாகவே விளங்கத் தொடங்கும்.

முதல் வாரம்: நூலக அட்டை

வீட்டுச் சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே நூலகத்துக்குப் போய்விடுங்கள். அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று கையில் இருந்தால் போதும். புதிதாக வந்தவருக்கு முகவரிச் சான்றுதான் இடிக்கும். வாடகை ஒப்பந்தம், புது முகவரிக்கு வந்த ஒரு கடிதம், வேலை கொடுத்தவரின் கடிதம் இவற்றில் எதை ஏற்பார்கள் என்று முகப்பு மேசையில் கேளுங்கள். எதுவுமே இல்லையென்றால் தற்காலிக அட்டை உண்டா என்று கேளுங்கள். அட்டை கிடைக்கும்வரை வெளியே நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலான பொது நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து படிக்க அட்டையே தேவைப்படாது. பொது நூலகங்களுக்கான யுனெஸ்கோ பிரகடனம் 1949இல் முதலில் வந்து, 1994இலும் 2022இலும் புதுப்பிக்கப்பட்டது. வயது, இனம், மொழி, சமூகநிலை என எந்த வேறுபாடும் இல்லாமல் எல்லோருக்கும் சமமான சேவை, அதுவும் கொள்கையளவில் கட்டணமின்றி என்பதுதான் அதன் அடிப்படை. கூச்சத்தோடு நுழைகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். யாருடைய தயவிலும் நீங்கள் அங்கே உட்காரவில்லை.

அட்டை வாங்கும்போதே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இந்த ஊரின் வரலாற்றுக்கென்று தனி அலமாரியோ அறையோ இருக்கிறதா? வாரந்தோறும் நடக்கும் நிகழ்ச்சிகள் எவை? அருங்காட்சியக நுழைவுச் சீட்டை இரவல் தருகிறீர்களா? கடைசிக் கேள்வி பலருக்கு வியப்பாக இருக்கும். புத்தகத்தைப் போலவே அருங்காட்சியக அனுமதிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தரும் ஏற்பாடு, வட அமெரிக்காவின் பல நகர நூலகங்களில் வழக்கமாக இருக்கிறது. உங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

மேசைக்குப் பின்னால் இருப்பவரைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற தயக்கம் வேண்டாம். எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. நீங்கள் அரைமணி நேரம் தேடித் தவிப்பதைவிட ஒரு நிமிடம் அவரிடம் கேட்பதையே நல்ல நூலகர் விரும்புவார்.

தனியாகத் தேடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையை நூலகம் பின்பற்றினால், கடலோர ஊர்க்காரருக்குத் தேவையான எண்கள் சில உண்டு. கடலியல் 551.46இல் இருக்கும். கப்பல் போக்குவரத்தும் துறைமுகமும் 387. மீன்பிடித் தொழில் 639.2. கப்பல் கட்டுமானம் 623.8. பறவைகள் 598. இந்த அலமாரிகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். எந்தப் புத்தகத்தின் முதுகு கிழிந்திருக்கிறதோ, அதைத்தான் ஊர் படிக்கிறது. நான் புது ஊருக்குப் போனால் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பேன்.

முதல் மாதம்: ஒரே ஒரு வார நிகழ்ச்சி

நூலக அறிவிப்புப் பலகையில் பத்து நிகழ்ச்சிகள் ஒட்டியிருக்கும்: குழந்தைகளுக்கான கதைநேரம், வாசகர் வட்டம், புது மொழி பேசிப் பழகும் கூட்டம், கணினி உதவி, கைவினைப் பட்டறை, எழுத்தாளர் சந்திப்பு. எல்லாவற்றுக்கும் போக நினைத்தால் எதற்கும் போகமாட்டீர்கள். எழுத்தாளர் சந்திப்பு போல ஒரே ஒருமுறை நடப்பதை விட்டுவிடுங்கள். வாரந்தோறும் நடப்பதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சியில் நூறு பேரைப் பார்க்கலாம், ஒருவர் பெயரும் நினைவில் நிற்காது. வாரக் கூட்டத்தில் எட்டுப் பேர்தான் இருப்பார்கள். மூன்றாவது வாரம் நீங்கள் வராவிட்டால் அந்த எட்டுப் பேரில் ஒருவர் கேட்பார்.

மூன்று தடவை போன பிறகுதான் பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். முதல் தடவை எல்லோருமே அந்நியமாகத் தெரிவார்கள். ஏற்கெனவே பழகியவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பது உங்களை ஒதுக்குவது போல இருக்கும். அது அப்படி இல்லை என்பது இரண்டாம் தடவையிலேயே தெரிந்துவிடும்.

சின்னக் குழந்தை உள்ளவர்களுக்குக் கதைநேரத்தைவிட நல்ல தொடக்கம் இல்லை. குழந்தை கதையைக் கவனிக்கவில்லை, அங்குமிங்கும் ஓடுகிறது என்று பலர் இரண்டாம் வாரம் நின்றுவிடுகிறார்கள். அங்கே எந்தக் குழந்தைதான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? அது தெரிந்துதான் நடத்துகிறவர்கள் நடத்துகிறார்கள்.

நூலகம் ஊரோடு எவ்வளவு நெருங்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று டென்மார்க்கின் ஆர்ஹூஸ் துறைமுகத்தில் இருக்கிறது. 2015இல் திறக்கப்பட்ட தோக்-1 என்ற நூலகம் அது. உள்ளே 3 டன் எடையுள்ள குழாய் வடிவ வெண்கல மணி ஒன்று தொங்குகிறது; கிர்ஸ்டின் ரோப்ஸ்டார்ஃப் என்ற கலைஞரின் படைப்பு. அந்நகர மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் பெற்றோர் ஒரு பொத்தானை அழுத்தலாம். நூலகத்தில் மணி ஒலிக்கும். படித்துக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிர்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவரை ஊர் வரவேற்கும் முறைகளில் இதைவிட அழகானதை நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாம் மாதம்: அருங்காட்சியகம், சின்னதிலிருந்து

ஊரில் பெரிய அருங்காட்சியகம் ஒன்றும் சிறியது ஒன்றும் இருந்தால் சிறியதற்கு முதலில் போங்கள். பழைய கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம், மூடிவிட்ட சுங்க அலுவலகம், படகு கட்டிய கொட்டகை போன்ற இடங்களில் அவை இருக்கும். பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துவார்கள். உங்களுக்குச் சீட்டுக் கிழித்துத் தருபவரே நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவராக இருக்கலாம்.

போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பருவம் முடிந்ததும் இப்படிப்பட்ட இடங்கள் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று நேரத்தைக் குறைத்துவிடும். இணையத்தில் பழைய நேரமே இருக்கும். திறந்திருக்கும் என்றால் அந்தக் கூட்டமில்லாத காலத்தில்தான் போக வேண்டும். ஒரு பொருளைக் காட்டி “இது எதற்கு?” என்று கேட்டால், பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் இருக்கும்.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கோடு நுழையாதீர்கள். ஒரு கேள்வியோடு நுழையுங்கள். இந்த ஊர் எதனால் உருவானது? இங்கே வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இந்தக் கடலில் எது மூழ்கியது? அந்தக் கேள்விக்குப் பதில் தரும் மூன்று பொருள்களின் முன் நின்றால் போதும். ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம். உள்ளே சில அறைகள் மங்கலாக இருக்கும். சிக்கனத்துக்காக விளக்கை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பழைய வரைபடம், கடிதம், துணி போன்றவை வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும். மீட்டெடுக்க வழி கிடையாது. அதனால் அவற்றின் மேல் சுமார் 50 லக்ஸ் ஒளியே விழும்படி வைப்பார்கள். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காமல் இருந்தால் நல்லது.

பொருளுக்குக் கீழே உள்ள குறிப்பட்டையை முழுதாகப் படியுங்கள். கிடைத்த இடம், ஆண்டு, கொடுத்தவர் ஆகிய மூன்றையும் விடாதீர்கள். இலங்கையின் காலி நகரில் 1911இல் கிடைத்த கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் பயணத்தையொட்டி 1409 தேதியிட்டுச் செதுக்கிய கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை தந்ததைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்குத் தந்ததைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியரை நோக்கிப் பேசுகிறது. ஒரு மொழியை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தவருக்கு அந்தத் துறைமுகம் ஒரு சமயத்தாருடையது என்றே தோன்றும். நூற்றாண்டுகள் கழித்து அந்தக் கல் கிடைத்தபோது சாக்கடைப் பாலமொன்றை மூடிக் கிடந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

இன்னொன்று நியூசிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்தை ஒட்டியுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்துக்குரியது. உள்ளங்கைகளில் அடங்கும் உடைந்த வெண்கல மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மதப் பணியாளர் அதைப் பார்த்தபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்து ஓடுகிறது: முகையதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்பது பொருள். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எந்தக் கடலோர ஊருக்குக் குடிபோனாலும், அங்குள்ள காட்சிப் பெட்டியில் தன் மொழி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு போகலாம். கடல் எல்லாக் கரைகளையும் கலந்து வைத்திருக்கிறது.

மூழ்கிய கப்பலின் மரத்துண்டோ பீரங்கியோ இருந்தால் அதன் பாதுகாப்புப் பணி பற்றிக் கேளுங்கள். ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் தூரத்தில் மூழ்கியது. 1961இல் அதைத் தூக்கினார்கள். பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு வாழாததால் 333 ஆண்டுகள் தாங்கியது. தூக்கிய பிறகு மரம் காய்ந்து பிளக்காமல் இருக்க, 17 ஆண்டுகள் மெழுகு போன்ற பாலிஎத்திலின் கிளைக்கால் என்ற பொருளின் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். உங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஒரு சின்னத் துண்டுக்காவது இதே பொறுமையோடு யாராவது வேலை செய்துகொண்டிருப்பார். அந்த அறையைப் பார்க்க அனுமதிக்கும் நாள் உண்டா என்று விசாரியுங்கள். மே 18 அனைத்துலக அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். அதையொட்டிப் பல இடங்களில் கட்டணமில்லா நுழைவும் சிறப்புச் சுற்றுலாவும் இருக்கும்.

மூன்றாம் மாதம்: தெருவும் கரையும்

இப்போது வெளியே வாருங்கள். சிற்பங்களும் சுவரோவியங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்ற வரைபடம் நூலகத்திலோ நகராட்சியிலோ கிடைக்கும். கிடைக்காவிட்டால் அரசுப் பணத்தில் புதிதாகக் கட்டிய இடங்களைச் சுற்றி வாருங்கள்: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், துறைமுக முனையம். கட்டடச் செலவில் ஒரு விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் விதி பிரான்சில் பள்ளிக் கட்டடங்களுக்காக 1951இல் வந்தது; பிறகு பல நாடுகளும் நகரங்களும் இதைப் போன்ற விதிகளை ஏற்றன. அதனால் நல்ல படைப்பு ஒன்று யாரும் நிமிர்ந்து பார்க்காத காத்திருப்புக் கூடத்தில் இருக்கலாம்.

கரையில் நிற்கும் சிற்பத்தைப் பார்க்கப் போகுமுன் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கடல்நீர் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் ஆன்டனி கோர்ம்லி 2005இல் நிறுத்திய 100 வார்ப்பிரும்பு மனித உருவங்கள் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைப் பார்த்து நிற்கின்றன. சில உருவங்கள் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீட்டர் உள்ளே. வற்றத்தில் முழு உடலும் தெரியும். ஏற்றத்தில் தலைவரை மூழ்கும். தூரத்து உருவத்தைத் தொட்டுவரலாம் என்று நடந்தவர்கள் சேற்றில் கால் புதைந்தோ தண்ணீர் சூழ்ந்தோ மாட்டிக்கொண்டது உண்டு. ஆகவே வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்குவதற்குள் திரும்பிவிடும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டாதீர்கள். பாதுகாப்பாக நின்று பார்க்கும் இடத்திலிருந்தே ஒரே சிற்பத்தை ஏற்றத்தில் ஒருமுறை, வற்றத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டும் இரண்டு சிற்பங்கள்.

பொருளையும் உற்றுப் பாருங்கள். உப்புக்காற்று எதையும் விடாது. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே அரிக்கிறது என்று பொருள். துருப்பிடிக்காத எஃகு என்கிறார்களே, அதுகூடக் கடலோரத்தில் பழுப்புக் கறை காட்டும். அதனால்தான் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜப்பானின் நவோஷிமா தீவில் யயோய் குசாமா என்ற கலைஞரின் மஞ்சள் பூசணிச் சிற்பம் 1994இலிருந்து படகுத்துறை முனையில் நின்றது. 2021 ஆகஸ்டில் சூறாவளி அதைப் பெயர்த்துக் கடலில் தள்ளியது. 2022 அக்டோபரில் மீண்டும் நிறுவினார்கள். கடலோரக் கலைக்குப் பராமரிப்பு என்பது பாதி வாழ்க்கை. ஆணி கழன்றிருப்பதையோ விரிசலையோ கண்டால் படம் எடுத்து நகராட்சிக்கு அனுப்புங்கள். ஏறி உட்காராமல் இருப்பதும் பராமரிப்புதான்.

பிடிக்காத சிற்பமும் இருக்கும். பிடிக்கவில்லை என்று சொல்வதில் தவறில்லை, ஆனால் ஊர்க்காரர்களிடம் அதன் கதையைக் கேட்ட பிறகு சொல்லுங்கள். இங்கிலாந்தின் ஆல்டெபர்க் கடற்கரையில் மேகி ஹாம்ப்ளிங் 2003இல் நிறுவிய 4 மீட்டர் உயரச் சிப்பிச் சிற்பத்தை அகற்றக் கோரி உள்ளூர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். சிலர் இரவோடு இரவாகச் சாயமும் பூசினார்கள். அதைத் தேடி வந்து அமர்கிறவர்களும் ஏராளம். இந்த வாதத்தில் கலந்துகொள்வதுதான் ஊர்க்காரர் ஆவதின் அடையாளம் என்பேன். சாயம் பூசுவதை அதில் சேர்க்கமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நினைவுக்கற்களைத் தவறவிடாதீர்கள். புயல், ஆழிப்பேரலை, கரைதிரும்பாத படகுகள் ஆகியவற்றுக்கு வைத்தவை. கலை என்று யாரும் அவற்றைச் சுட்டிக்காட்டமாட்டார்கள், வரைபடத்திலும் பெரும்பாலும் இருக்காது. ஜப்பானின் அனெயோஷி என்ற சிற்றூரில், 1933 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள்: இதற்குக் கீழே வீடு கட்ட வேண்டாம் என்பது அதன் செய்தி. ஊர் அந்தச் சொல்லை மீறவில்லை. 2011 மார்ச் 11 அன்று வந்த தண்ணீர் அந்தக் கல்லுக்குச் சுமார் 100 மீட்டர் கீழேயே நின்றது; வீடுகள் தப்பின. உங்கள் ஊரிலும் வெள்ள அளவுக்கோடு, புயல் தூண், 2004 டிசம்பர் 26இன் நினைவுச் சின்னம் என ஏதாவது இருக்கலாம். அதைக் கண்டதும், உங்கள் வீடு அதைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்வில் இருந்தால் மேட்டுக்குப் போகும் வழியை அன்றே வீட்டாரோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

ஆறாம் மாதத்துக்கு மேல்: கொடுக்கத் தொடங்குங்கள்

இதுவரை வாங்கிக்கொண்டீர்கள். இனி நூலகத்தின் ஊர் வரலாற்றுப் பிரிவிலோ அந்தச் சின்ன அருங்காட்சியகத்திலோ வாரத்தில் இரண்டு மணி நேரம் தர முடியுமா என்று யோசியுங்கள். சிறப்புத் தகுதி தேவையில்லை. பழைய படங்களை ஸ்கேன் செய்வது, பட்டியலில் ஏற்றுவது, மூத்தவர்கள் பேசுவதைப் பதிவு செய்து எழுத்தாக்குவது போன்ற வேலைகளுக்கு எப்போதும் ஆள் குறைவு. வெளியூரிலிருந்து வந்தவர் என்பது இங்கே ஒரு வசதி. ஊர்க்காரர் எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்கள் கேட்பீர்கள்: இந்த வலைக்கு ஏன் இந்தப் பெயர்? அந்தப் பாறையை ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள்? பதிவு செய்யும் முன் பேசுபவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பெயரும் தேதியும் இடமும் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் இருக்கட்டும். கடல்சத்தம் இனிமையானதுதான், பதிவுக்கு எதிரி. காற்று அடங்கிய அறையில் உட்காருங்கள்.

படங்கள் கையில் வந்தால் பின்புறம் பேனாவால் எழுதக் கூடாது. மை ஊறி முன்பக்கத்தில் தெரியும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் ஆண்டும் இடமும் எழுதுங்கள். கடலோர ஈரத்தில் படங்களைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கி அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத காகித உறை போதும்.

உங்கள் சொந்தத் தாள்களையும் இதே போல வையுங்கள். முதல் வாரத்தில் எடுத்த நூலக அறிவிப்புச் சீட்டு, முதல் அருங்காட்சியக நுழைவுச் சீட்டு, உங்கள் கண்முன் திறந்து வைக்கப்பட்ட ஒரு சுவரோவியத்தின் படம் எல்லாவற்றிலும் தேதி இருக்கட்டும். இப்படிப்பட்ட காகிதங்களை யாரும் சேர்த்து வைப்பதில்லை என்று ஊர் வரலாற்றுப் பிரிவில் இருப்பவர்கள் வருந்துவார்கள். ஓர் உறையில் போட்டு, மேலே உங்கள் பெயரும் குடிவந்த ஆண்டும் எழுதி, அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.